நாற்பத்தோராயிரம் வரியிலும் என் பெயர்

உட்காருங்க அக்கா. நான் ஆய்வுக்கு வந்த அதிகாரி இல்லை. உங்க பாலை நாக்கில் விட்டுப் பார்க்கவும் வரவில்லை. பாலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதைக் காபியில் ஊற்றுவார்கள் என்பதுதான்.

தெய்வானை. பெயர் சரிதானே? வேப்பங்காட்டுப்புதூர் பால் குளிரூட்டும் நிலையம், ஆப்பரேட்டர் தெய்வானை. என் தாளில் நீங்க அறுபத்திரண்டாவது. நான் இளம்பரிதி. கோயம்புத்தூரில் இருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கிறதே அந்தப் பெட்டி, அதற்குள் ஓடுகிற புரோகிராம் எங்கள் கம்பெனி எழுதியது. இல்லை, பெட்டியை ரிப்பேர் பார்க்க வரவில்லை. அதற்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் எனக்குச் சம்பந்தம் இல்லை. ஏன் பல்லி என்று பிறகு சொல்கிறேன்.

கேள்வி ஒன்றே ஒன்று. நீங்க பதில் சொல்ல வேண்டும், நான் அதை இந்தக் கட்டத்தில் எழுத வேண்டும், கீழே நீங்க கையெழுத்துப் போட வேண்டும், நான் பன்னிரண்டே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கேள்வி இதுதான். எங்களிடம் இருக்கிற இருநூற்றுப் பதினாலு நிலையத்திலும் பால் டேங்குக்கு வைத்திருக்கிற அளவு நாலு டிகிரி. உங்களுக்கு மட்டும் இரண்டு. ஏன்?

இருங்க, இருங்க. உடனே சொல்லாதீங்க. எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாமல் சொன்னால் பதில் அரைகுறையாக வரும். அறுபத்தொரு ஊரில் பட்டுவிட்டேன். பெட்டியை எதற்குக் காட்டுறீங்க? பெட்டிக்குப் பிறகு வருவோம். அவசரம் ஒன்றும் இல்லை. நான் வந்து போன மறுநாள், அதாவது நாளைக் காலை பத்து மணிக்குள், காரணம் எங்கள் ஃபைலில் ஏறவில்லை என்றால் உங்க இரண்டு தானாக நாலாக மாறிவிடும், அவ்வளவுதான். காரணம் தெரியாத எண் எதுவும் இருக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு.

நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களா? மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கணுமா? நல்ல விஷயம். உங்களுக்குப் பதிலாக யார், நாத்தனாரா? அவருக்கு இந்த மெஷின் பற்றித் தெரியுமா? தெரியாதா. பரவாயில்லை, மெஷினுக்குத் தெரிந்தால் போதும். எத்தனை வீட்டுப் பால் வருகிறது இங்கே? நூற்றெண்பது வீடா! அவ்வளவும் இந்த ஒரே டேங்கிலா! பெரிய டேங்குதான்.

சரி, கேளுங்க. உங்களைப் போல இருநூற்றுப் பதினாலு நிலையத்துக்கும் எங்களிடம் ஆளுக்கொரு செட்டிங் ஃபைல் இருக்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. நோட்டுப் புத்தகம் மாதிரி வரி வரியாக இருக்கும். இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் எண். பாலின் குளிர் அளவு, சமம், நாலு டிகிரி. கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் பொறுத்து ஓட வேண்டும், சமம், மூன்று நிமிடம். இந்த மாதிரி. வரியின் கடைசியில் ஒரு குறி போட்டுவிட்டால் அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மெஷின் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதிக்கொள்வது. நாங்கள் கமெண்ட் என்போம். நீங்க குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்க.

ஏழு வருடமாக இந்த ஃபைல்களை எழுதியவர் எஸ்தர். பார்த்திருப்பீங்களே, நீல நிற ஸ்கூட்டர். இங்கே வந்து டீ குடித்திருக்கிறாரா? குடிக்காமல் இருப்பாரா! போன ஊர் அத்தனையிலும் டீ குடித்திருக்கிறார். ஒரு ஊரில் அவர் குடித்த டம்ளரைக்கூட எடுத்துக் காட்டினார்கள். எனக்கு இதுவரை மூன்று ஊரில்தான் டீ கிடைத்தது, அதில் ஒன்று ஆறிப்போனது.

எஸ்தர் நல்லவர். ஆனால் ஃபைல் எழுதத் தெரியாதவர். ஒரு ஃபைலில் வரிக்கு முன்னால் நாலு இடைவெளி விடுவார், இன்னொன்றில் மூன்று. மூன்று, அக்கா! உலகத்தில் யாராவது மூன்று விடுவார்களா? சமக்குறி ஒரு வரியில் இங்கே நிற்கும், அடுத்த வரியில் அங்கே நிற்கும், ரேஷன் கடையில் பாமாயில் வந்த அன்றைக்கு வரிசை நிற்குமே, அந்த மாதிரி. மூடுகிற அடைப்புக்குறி எங்கேயாவது தனியாகக் கிடக்கும். வரிக்கு வரி குறிப்பு வேறு. என்ன குறிப்பு தெரியுமா? "கெடா வெட்டு அன்றைக்குப் பால் இரண்டு மணி நேரம் தாமதம்." "ஜெனரேட்டர் சாவி சலூனில்." "இந்த அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், அலாரத்தைக் கூட்டி வை." இது சோர்ஸ் கோடா, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிற கடிதமா?

இதைத் தினமும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்? நான் ஒன்றரை வருடம் இருந்தேன்.

பிறகு ஒரு புரோகிராம் எழுதினேன். நாலு மாதம் ஆனது. ஃபைலை எழுத்தெழுத்தாகப் படிக்கும். எது பெயர், எது எண், எதற்குள் எது அடங்கும் என்று பிரிக்கும். பிரித்ததைக் கிளை கிளையாக ஒரு மரம் மாதிரி கட்டிக்கொள்ளும். கட்டி முடித்ததும் பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரத்தைப் பார்த்துப் புதிதாக எழுதும். எல்லா இடைவெளியும் இரண்டே இரண்டு. எல்லாச் சமக்குறியும் ஒரே கோட்டில், மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி. பார்த்தால் உங்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு வந்தது.

இந்த வேலைக்கு ரெடிமேடாகவே புரோகிராம் கிடைக்கிறதே என்றார் எஸ்தர். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ரெடிமேட் சட்டையும்தான் கிடைக்கிறது. அதையெல்லாம் நானும் பார்த்தேன். ஒவ்வொரு குறிப்பையும் எந்த வரியோடு வந்தது, மேலே இருந்ததா, பக்கத்தில் இருந்ததா என்று கட்டிக்கொண்டு அழுகிறது. பாதி புரோகிராம் அதற்கே போகிறது. நான் யோசித்தேன். மெஷினே படிக்காததை என் மரம் எதற்காகச் சுமக்க வேண்டும்?

ஆமாம் அக்கா, குறிப்பெல்லாம் போய்விட்டது. நீங்க அதிர்ச்சி அடைய வேண்டாம். குப்பை வாரும்போது குப்பை போகத்தான் செய்யும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து ஆட்சேபம் எழுதலாம். எழுதினால் பக்கத்தில் "தீர்ந்தது" என்று ஒரு பட்டன் வரும். எஸ்தர் எழுதினார்: "பரிதி, குறிப்பெல்லாம் காணோம். அதுல ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. தயவு செஞ்சு இதை ஓட்டாதீங்க." நான் மரியாதையாகப் பதில் எழுதினேன்: "ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள்." எழுதிவிட்டு "தீர்ந்தது" பட்டனை அழுத்தினேன். தீர்ந்தது. அதை அழுத்த வேண்டியது ஆட்சேபம் சொன்னவர்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்படியென்றால் பட்டனை என் கண்ணில் ஏன் காட்ட வேண்டும்?

நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. சோதனை செய்தேன். பழைய ஃபைலைப் படித்து ஒரு மரம். புது ஃபைலைப் படித்து ஒரு மரம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். இருநூற்றுப் பதினாலு தடவை. ஒரு இலை குறையவில்லை. எதுவும் தொலையவில்லை என்று கணக்குப் போட்டு நிரூபித்தேன். குறிப்பு எப்படி மரத்தில் இருக்கும்? அதுதான் மரத்திலேயே ஏறாதே. அதனால் குறையவும் குறையாது. இதைவிடச் சுத்தமான நிரூபணம் யார் தருவார்கள்?

பழைய பிரதி இருக்குமே என்று கேட்பீங்க. கேட்கவில்லையா? மேனேஜர் கேட்டார். இருந்தது. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று ஏழு வருட வரலாறு பழைய சர்வரில் இருந்தது. ஏழு வருட அழுக்கோடு எதற்குப் புதுக் குடித்தனம்? சுத்தமான ஃபைல்களை மட்டும் புது சர்வரில் ஒரே மூச்சில் ஏற்றினேன். பழைய சர்வர் வாடகைக்கு எடுத்தது. ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்கள் அழித்துவிட்டார்கள். அவர்களும் சுத்தமானவர்கள்.

அந்த மாதம் எனக்குக் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நான் பெரிதுபடுத்தவில்லை.

கேடயம் கொடுத்த அதே வாரம் எஸ்தர் வேலையை விட்டுப் போனார். வேறு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

டீ போடப் போறீங்களா? போங்க, போங்க. சர்க்கரை கம்மியாக. நான் எங்கும் போகவில்லை. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கிறது. பெட்டியைப் படிக்கச் சொல்றீங்களா? சரி சரி, பார்த்துக்கொள்கிறேன்.

*

வந்துட்டீங்களா. நுரை பொங்க இருக்கிறது, பால் நிலையத்து டீ என்றால் சும்மாவா. நானும் சும்மா இருக்கவில்லை. பிறகு காட்டுகிறேன். முதலில் மண்கரட்டுக் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான் உங்க ஊருக்கு வந்ததே அதனால்தான்.

ஃபைல்கள் சுத்தமானதும் ஒரு நன்மை தெரிந்தது. சமக்குறியெல்லாம் ஒரே கோட்டில் வந்துவிட்டதால் எண்களும் ஒரே கோட்டில் வந்துவிட்டன. மூன்று, மூன்று, மூன்று, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு ஏழு. மண்கரடு நிலையம். கரண்ட் போய் வந்தால் எல்லா ஊர்க் கம்ப்ரசரும் மூன்று நிமிடம் பொறுத்து ஓடும், இது மட்டும் ஏழு நிமிடம். வரிசையாக நிற்கிற பிள்ளைகள் நடுவில் ஒருத்தன் மட்டும் ஸ்டூல் மேல் ஏறி நின்ற மாதிரி. காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அக்கறையோடுதான் பார்த்தேன். அந்த வரியில் ஒரு குறிப்பும் இல்லை.

ஆமாம், நான்தான் அழித்தேன். அது வேறு விஷயம். பார்க்கிறபோது இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாக மாற்றினேன். பத்தொன்பது நிலையத்தில் அந்த மாதிரி திருத்தினேன், உங்க ஊர் வரைக்கும் வரவில்லை. அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்கரட்டில் கரண்ட் போனது, வந்தது. அந்த ஊர்க் கம்ப்ரசர் பழசாம். அழுத்தம் இறங்க ஏழு நிமிடம் ஆகுமாம். மூன்றாவது நிமிடம் என் புரோகிராம் "ஓடு" என்றது. அது ஓடப் பார்த்து எரிந்துபோனது. மாற்றுக் கம்ப்ரசர் வர ஒன்றரை நாள். மூவாயிரத்து இருநூறு லிட்டர் பால் திரிந்துபோய்த் தென்னந்தோப்பில் ஊற்றினார்களாம். மூன்று நாள் ஊருக்குள் போக முடியாத வாடையாம். அங்கே ஆப்பரேட்டர் கிட்டுசாமி அண்ணன். போனில் என்னிடம் கேட்டார்: "ஏனுங் தம்பி, ஏழு நிமிசம்னு அந்த அம்மிணி எளுதி வெச்சுட்டுப் போச்சுங்களே, அதைய ஆருங் அளிச்சது?"

வருத்தம்தான் அக்கா. எனக்கும் வருத்தம்தான். நிலையத்துக்குப் பால் ஊற்றினவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நானும் நினைத்தேன், ஒரு நிமிடம். ஆனால் அந்த மூன்று என்ற எண் வரிசையில் எவ்வளவு அழகாக நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் மீட்டிங். மேனேஜர் சபாபதி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அந்த ஃபைலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். எங்கள் சர்வரில் ஒரு வசதி உண்டு. எந்த வரியைத் தொட்டாலும், அதைக் கடைசியாக எழுதியவர் பெயர் பக்கத்தில் வரும். யார் தலையில் கட்டுவது என்று தெரிந்துகொள்ள இதைவிட வசதி கிடையாது.

"இந்த மூணு யாரு போட்டது?" தொட்டார். இளம்பரிதி.

"சரி. மேல இருக்கிற வரி?" இளம்பரிதி.

"அதுக்கும் மேல?" இளம்பரிதி.

"என்னய்யா, ஃபைல் பூரா நீதானா?"

"சார், மத்ததெல்லாம் ஸ்பேஸ் மட்டும்தான் சார்."

"ஸ்பேஸா!" என்று வேறொரு ஃபைலைத் திறந்தார். இளம்பரிதி. இன்னொன்று. இளம்பரிதி. பின்னால் யாரோ சிரித்தார்கள். புது சர்வரில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றியது நான் என்பதால், நாற்பத்தோராயிரம் வரியிலும் என் பெயர் மட்டும்தான். எஸ்தர் ஏழு வருடம் இங்கே வேலை பார்த்ததற்கு ஒரு அடையாளம் இல்லை. அவருக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பாருங்க.

அன்றிலிருந்து என்ன பிரச்சினை வந்தாலும் என் போன்தான் அடிக்கும். ஆபீஸில் புகாரை யார் எடுத்தாலும் முதலில் வரியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், என் பெயர் வருகிறது, நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். அலாரம் அடிக்கவில்லை, பரிதியைக் கேள். அலாரம் நிற்கவில்லை, பரிதியைக் கேள். ஒரு அம்மா காலை ஐந்து மணிக்கு, கேன் இறக்கும் நேரம், கூப்பிட்டார். "சார், பொட்டிக்குள்ள பல்லி செத்துக் கெடக்குதுங்க. நீங்கதான் பொறுப்புன்னாங்க." பல்லி எந்த வரியில் வருகிறது அக்கா? நானும் தேடிப் பார்த்தேன்.

நான் எழுதாத வரிக்கெல்லாம் நான் பொறுப்பு. இதைத்தான் அநியாயம் என்கிறேன்.

எஸ்தருக்குப் போன் போட்டேன். வேறு கம்பெனியில் இருந்தாலும் எடுத்தார். "ஞாபகம் இருக்கிறதைச் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று ஒரே மூச்சில் நாற்பது நிலையம் சொன்னார். சலூன், கெடா வெட்டு, காது மந்தம், எல்லாம். அப்புறம், "மீதி எனக்கு ஞாபகம் இல்லை பரிதி. அதுக்குத்தான் எழுதி வெச்சேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். "இவ்வளவு முக்கியம்னு அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். போனை வைத்துவிட்டார். சிக்னல் இல்லாத இடம் போலிருக்கிறது.

சொன்னார்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முக்கியமாகச் சொல்லவில்லை.

மேனேஜர் பத்தொன்பது எண்ணையும் பழையபடி மாற்ற வைத்தார். குறிப்பை விழுங்காமல் இருக்க என் புரோகிராமை வேறு ஒருவரிடம் கொடுத்துத் திருத்தினார். எனக்கு இந்தத் தாளைக் கொடுத்தார். "நூத்தி எழுபத்தி நாலு நிலையம். நேர்ல போ. அவங்க சொல்றதைக் கேளு. கேட்டதை எழுது." அவர் சொன்னது அவ்வளவுதான். ஒரு இன்ஜினியரை அனுப்பி, ஊர் ஊராகக் கேட்டு எழுதச் சொல்கிறார். அதுவும் பஸ்ஸில்.

அதைத்தான் இரண்டு மாதமாகச் செய்கிறேன். ஆனால் பாருங்க, யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. முதல் வரியிலிருந்தே நான் புரிய வைக்க வேண்டியிருக்கிறது. பேசி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது. எட்டு ஊரில் கட்டத்தில் "காரணம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்துவிட்டேன்.

சரி, டீ முடிந்தது. இப்போது காட்டுகிறேன். பெட்டிக் கதவைப் பாருங்க.

எப்படி? பளபளவென்று இல்லை? நான் வந்ததிலிருந்து கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தம் புதுக் கதவில் கறுப்பு மார்க்கரில் கோணல் கோணலாக இரண்டு வரி. மேல் வரி இறங்கிப் போகிறது, கீழ் வரி ஏறிப் போகிறது. ஜன்னலில் கிடந்த துணியை நனைத்துத் தேய்த்தேன், போகவில்லை. பையில் சானிடைசர் இருந்தது. ஊற்றித் தேய்த்தேன். பாதி பாட்டில் காலி. பரவாயில்லை, நன்றியெல்லாம் வேண்டாம்.

என்ன அக்கா? ஏன் அப்படியே நிற்கிறீங்க? யார் எழுதினது, உங்க மகளா? நீங்களா? எதற்கு எழுதினீங்க, நாளைக்கு வருகிற நாத்தனாருக்கா? அவர் கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாமே. என்ன எழுதியிருந்ததா? நான் எங்கே படித்தேன்? எழுத்தைப் பார்த்தேனே தவிர... மீட்டர் என்று ஏதோ. நாலோ, ஆறோ, எண் இருந்தது.

சரி, விடுங்க. நேரமாகிறது. வேலைக்கு வருவோம். பேனா எடுத்தாயிற்று. எல்லோருக்கும் நாலு, உங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு? இப்போது சொல்லுங்க.

என்னது?

கதவில் இருந்ததா?

அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா.

சொன்னீங்களா? எப்போ? சரி, காட்டினீங்க. காட்டினது வேறு, சொன்னது வேறு. கத்தாதீங்க, வெளியில் யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள். சொல்லுங்க, எழுதுகிறேன். மெதுவாக. "மீட்டர் நாலு காட்டினால் பால் ஆறில் இருக்கும்." ஓ. உங்க டேங்கில் சூடு பார்க்கிற கருவி இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறதா? எப்போதிலிருந்து? கருவி வைத்த நாளிலிருந்தா! அதனால்தான் எஸ்தர் இரண்டு வைத்தாரா? அப்படியென்றால் மீட்டரில் இரண்டு இருந்தால் பால் சரியாக நாலில் இருக்கும். நாளைக்கு அது நாலானால் பால் ஆறு. நாத்தனார் மீட்டரில் நாலைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பார். நூற்றெண்பது வீட்டுப் பால்.

ம்.

கட்டம் சின்னது அக்கா, முப்பது எழுத்துக்கு மேல் பிடிக்காது. "கருவிக் கோளாறு" என்று சுருக்கமாகப் போட்டுவிடட்டுமா? வேண்டாமா. முழுசாகவா? கட்டத்துக்கு வெளியே போகிறதே. பக்கத்துக் கட்டம் அடுத்த ஊருடையது. சரி, எழுதுகிறேன், எழுதுகிறேன். தாளை இழுக்காதீங்க.

இப்போதே ஃபைலிலும் ஏற்றணுமா? நாளைக் காலையில் ஆபீஸில் போய்... பஸ் வந்துவிட்டது, சத்தம் கேட்கிறது. கேட்டை ஏன் சாத்துறீங்க? அக்கா, அது பன்னிரண்டே கால் பஸ். அடுத்தது எப்போ? ஒன்று நாற்பதா.

போய்விட்டது.

லேப்டாப்பைத் திறக்கிறேன். இதோ உங்க ஃபைல். இதோ உங்க இரண்டு. பக்கத்தில் குறி. "மீட்டர் நாலு காட்டினால் பால் ஆறு. இரண்டை மாற்றாதே. கேள்வி இருந்தால் தெய்வானையைக் கேள்." பாருங்க, இந்த ஒரு வரி மட்டும் மற்றதைவிட நீளமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஃபைலின் அழகே போச்சு. ஏறிவிட்டது. திருப்தியா?

மார்க்கர் எதற்கு? கதவிலும் நானா? எழுதினது நீங்கதானே, நீங்களே... சரி. சரி. பிடிங்க இந்த டம்ளரை. மீட்டர்... நாலு... காட்டினா... பால்... ஆறு. எனக்குக் கையால் எழுதிப் பழக்கம் விட்டுப் போச்சு அக்கா, அதான் இறங்கிப் போகிறது. இரண்டாவது வரி, ரெண்டுலதான்... நிக்கணும். இது ஏறிப் போகிறது. உங்க எழுத்தே மேல். முன்னால் இருந்ததைத் துடைக்காமலே விட்டிருக்கலாம்.

கீழே என் பெயரா? என் பெயர் எதற்கு? யார் அழித்தது என்று நாத்தனார் கேட்டால் தெரிய வேண்டுமா. அதுவும் நியாயம்தான்.

இளம்பரிதி. போதுமா? நாற்பத்தோராயிரத்து ஒன்று.

துணியை ஏன் அக்கா பீரோவில் வைத்துப் பூட்டுறீங்க?